108 அடித்தால் உங்க ஆபீஸில் யார் எடுப்பாங்க?

ஒரு சின்னக் கேள்வி.

நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்து மேஜைக்காரர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். உங்கள் மேஜைமேல் இருக்கிற போனை எடுத்து 108 அழுத்துகிறீர்கள். மறுமுனையில் யார் பேசுவார்கள்?

“இதென்ன கேள்வி டாக்டர்? ஆம்புலன்ஸ்காரங்கதான்!” என்கிறீர்களா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2017-ஆம் வருஷம் ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும்!

அன்றைக்கு என் வைத்தியசாலையில் நல்ல கூட்டம். மூட்டுவலிக்கு மருந்து வாங்க ஓர் அம்மாள் வந்திருந்தார். துணைக்கு வந்த அவர் கணவருக்கு ஐம்பத்தெட்டு வயசு இருக்கும். ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று பேப்பரை நழுவ விட்டார். நான் எட்டிப் பார்த்தபோது சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம். “நெஞ்சுல யாரோ கல்லை வெச்ச மாதிரி இருக்கு அய்யா… தாடை வரைக்கும் இழுக்குது” என்றார்.

நாடியைப் பார்த்தேன். பார்க்கவே வேண்டாம், முகமே சொல்லிவிட்டது. “108-க்கு போன் போடும்மா, சீக்கிரம்!” என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் குரல் கொடுத்தேன்.

அவள் ஒரு நொடி தாமதிக்கவில்லை. மேஜை போனை எடுத்தாள். 1… 0… 8… மணி அடித்தது. எடுத்தார்கள்.

“சொல்லுங்கம்மா. லேகியம் இன்னும் பதத்துக்கு வரல. அரை மணி ஆகும்!”

பேசியது ஆம்புலன்ஸ் இல்லை. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் மருந்து கிண்டும் அண்ணாச்சி! எங்கள் இன்டர்காமில் மருந்துக்கூடத்துக்குக் கொடுத்திருந்த எண்… 108.

அந்தப் பெண் போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். வெளியே பேச முதலில் 0 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 0 அழுத்தினாள். கிர்… கிர்… என்று மறுப்பு ஒலி. ஏன் தெரியுமா? போன் பில் ஏறுகிறது என்று வரவேற்பு மேஜையிலிருந்து வெளியே பேச முடியாதபடி பூட்டி வைத்திருந்தவன், சாட்சாத் நான்தான். “சரி, அவள் செல்போன் என்ன ஆச்சு?” என்று கேட்பீர்கள. வேலை நேரத்தில் செல்போன் கூடாது, பையில் வைத்து அலமாரியில் பூட்டு என்று சட்டம் போட்டவனும் நான்தான்.

என் அறையில் பூட்டாத போன் ஒன்று இருந்தது. மேஜை டிராயரில் என் சொந்த செல்போன் கிடந்தது. இரண்டும் பத்தடி தூரம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கே அது ஞாபகத்துக்கு வரவில்லை. பதற்றத்தில் மனுஷ மூளை அப்படித்தான். பழக்கப்பட்ட ஒரே வழியைத்தான் திரும்பத் திரும்பத் தட்டும்.

கடைசியில் வாசலில் நின்ற ஆட்டோக்காரத் தம்பி தன் செல்போனில் 108-ஐக் கூப்பிட்டார். ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் ஓடிப் போயிருந்தது.

ஆறு நிமிஷம் என்றால் என்ன?

சமையலறையில் ஆறு நிமிஷம் ஒரு காபி போடுகிற நேரம். உடம்புக்குள் அது வேறு கணக்கு.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. அடைப்பு நீங்கும் வரை தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு அந்த மாரடைப்பே முற்றி, இதயத் துடிப்பு அடியோடு நின்றுவிடும். அப்படி நின்றவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாமல், மின் அதிர்ச்சியும் கொடுக்காமல் விட்டால், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். நாலைந்து நிமிஷத்துக்குள் மூளை பாதிக்கப்பட ஆரம்பித்துவிடும்.

பக்கவாதம் வந்தால்? மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டால், ஒரு நிமிஷத்தில் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கும் ஒரு கெடு உண்டு. அறிகுறி தெரிந்ததிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்.

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டையில் படித்தவன். கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் உள்ள பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால், நான் தேடும் முதல் மருந்து என் அலமாரியில் இல்லை. போனில்தான் இருக்கிறது. “வாயுப் பிடிப்பா இருக்கும், சுக்குத் தண்ணி குடுங்க” என்று சொல்லி நேரத்தைக் கரைப்பவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. வாயுவா, மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும். நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அந்த முதல் மருந்தே வேலை செய்யாவிட்டால்?

போனுக்கும் நாடி உண்டு!

மறுநாள் எங்கள் இன்டர்காம் போர்டு போட்டுக் கொடுத்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “தம்பி, நான் நோயாளிக்கு நாடி பார்க்கிறேன். நீ இந்த மிஷினுக்கு நாடி பார்த்துச் சொல்லு. எங்கே அடைப்பு?” என்றேன். சிரித்துக்கொண்டே விளக்கினார். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆபீஸ்களில் இருப்பது ஈ.பி.ஏ.பி.எக்ஸ். என்ற பெட்டி. வெளியிலிருந்து வரும் லைன் இரண்டோ நாலோதான் இருக்கும். உள்ளே மேஜைக்கு மேஜை இருபது, முப்பது எக்ஸ்டென்ஷன். நீங்கள் போனில் அழுத்தும் எண் முதலில் இந்தப் பெட்டிக்குத்தான் போகும். “இது உள்ளே போக வேண்டிய எண்ணா, வெளியே போக வேண்டியதா?” என்று தீர்மானிப்பது பெட்டிதான். வெளியே என்று அதற்குப் புரிய வைக்கத்தான் முதலில் 0 அழுத்துகிறோம். சில இடங்களில் 9.

மூன்று இலக்கம் மட்டும் அழுத்தினால் அது உள் எண் என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் எக்ஸ்டென்ஷன் எண்களை 101-இல் ஆரம்பித்து வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் என்ன நடக்கும்? 101 தீயணைப்பு இல்லை, அக்கவுண்ட்ஸ் பிரிவு. 108 ஆம்புலன்ஸ் இல்லை, ஸ்டோர் ரூம். 112 அவசர உதவி இல்லை, மேனேஜர்!

லாட்ஜ், ஹோட்டல் கதை இன்னும் மோசம். அறை எண்ணே போன் எண்ணாக இருக்கும். முதல் மாடியில் 101, 108, 112 எல்லா அறையும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வயசான அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று நீங்கள் 108 அடித்தால், எதிர் அறையில் தூங்குகிறவர் எழுந்து உங்களைத் திட்டுவார்.

“எங்க வீடு அபார்ட்மென்ட் டாக்டர், ஆபீஸ் கதை எங்களுக்கு எதுக்கு?” என்கிற சகோதரிகளே… உங்கள் ஹாலில் செக்யூரிட்டியோடு பேச ஓர் இன்டர்காம் தொங்குகிறதே, அதில் 108 அழுத்திப் பாருங்கள். பல குடியிருப்புகளில் முதல் மாடி நூற்றி எட்டாம் நம்பர் வீட்டு மாமிதான் எடுப்பார்! வீட்டில் தனியாக இருக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இது தெரியுமா?

ஒரு குழந்தை கற்றுக்கொடுத்த பாடம்

இது நம்ம ஊர்க் குளறுபடி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதற்காக ஒரு சட்டமே வந்திருக்கிறது. அதன் பின்னால் இருப்பது மனசைப் பிசைகிற சம்பவம்.

அங்கே போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண் 911. 2013 டிசம்பர் மாதம், டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரில் ஒரு தங்கும் விடுதி அறை. காரி ஹன்ட் என்ற பெண்ணை, அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவனே கத்தியால் தாக்கினான். அவருடைய ஒன்பது வயது மகள் அதே அறை போனை எடுத்து, அம்மா சொல்லிக் கொடுத்தபடி 911 அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். மொத்தம் நாலு தடவை. ஒரு தடவைகூடப் போகவில்லை. அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும். அது குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்து போனார்.

பேத்திக்கு வந்த நிலை இன்னொரு குழந்தைக்கு வரக்கூடாது என்று காரியின் அப்பா ஊர் ஊராகப் போராடினார். 2018 பிப்ரவரியில் ‘காரி சட்டம்’ கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே விற்கப்படும், பொருத்தப்படும் ஆபீஸ், ஹோட்டல் போன் அமைப்புகளில், முன்னால் எந்த எண்ணும் போடாமல் 911 நேரே போயாக வேண்டும். அதோடு, உள்ளேயிருந்து யாராவது 911 அழைத்தால் வரவேற்பு மேஜைக்கோ காவலாளிக்கோ உடனே தகவல் தெரிய வேண்டும்.

இந்த அவசர எண் என்கிற யோசனையே ஒரு தாமதத்தில் பிறந்ததுதான். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். போன் செய்த அக்கம்பக்கத்துக்காரரை எக்ஸ்சேஞ்ச் வரிசையில் காக்க வைத்துவிட்டது. அந்தக் கோபத்தின் விளைவாக 1937 ஜூன் 30-இல் 999 என்ற எண் வந்தது. உலகத்தின் மிகப் பழைய அவசர எண் அதுதான்.

நமக்கு 108 சேவை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கி, 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. எல்லா உதவிக்கும் ஒரே எண்ணான 112-உம் 2019-இல் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. எண்களுக்குக் குறைவில்லை. நம் மேஜை போன் அவற்றை வெளியே விடுகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்கச் சட்டம் நம்ம ஊர் ஆபீஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்மவர்கள் உயிரைக் காப்பாற்ற நமக்குச் சட்டம் வேண்டுமா என்ன?

டெக்னீஷியனிடம் என்ன கேட்பது?

நீங்கள் ஆபீஸ் முதலாளியாக இருக்கலாம், மேனேஜராக இருக்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம். அல்லது சாதாரண ஊழியராக இருந்து மேலதிகாரியிடம் சொல்லக்கூடியவராக இருக்கலாம். இந்த ஏழு விஷயத்தையும் ஒரு தாளில் எழுதி டெக்னீஷியன் கையில் கொடுங்கள்.

1. உள் எண்களை மாற்றச் சொல்லுங்கள். எந்த எக்ஸ்டென்ஷனும் 1-இல் ஆரம்பிக்க வேண்டாம். 201, 301 என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மருந்துக்கூடம் இப்போது 208. இரண்டு நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

2. 108 என்று அழுத்தினாலும் போக வேண்டும், 0 சேர்த்து 0108 என்று அழுத்தினாலும் போக வேண்டும். இரண்டு வழியும் திறந்திருக்கட்டும். பழகினவர் பதற்றத்தில் 0 போடுவார். புதிதாக வந்தவர் போட மாட்டார். இரண்டு பேரும் ஜெயிக்க வேண்டும். 100, 101, 112 எண்களுக்கும் இதே ஏற்பாடு. பள்ளி, விடுதி என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் சேருங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: கடைசி எண்ணை அழுத்தியதும் ‘இன்னும் ஏதாவது எண் வருமோ’ என்று பெட்டி சில நொடி காத்திருக்கும். இந்த எண்களுக்கு மட்டும் அப்படிக் காத்திருக்காமல் உடனே அனுப்பும்படி செய்யச் சொல்லுங்கள்.

3. பூட்டு போட்ட போனுக்கும் விதிவிலக்கு கொடுங்கள். வெளியூர் பேசக் கூடாது, செல்போனுக்குப் பேசக் கூடாது என்று தாராளமாகப் பூட்டுங்கள். அவசர எண்கள் மட்டும் எல்லாப் போனிலிருந்தும் போகட்டும். 108 இலவசம். பில் ஏறாது. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

4. எல்லா லைனும் பேச்சில் இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டே லைன் உள்ள ஆபீஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாமவருக்கு வழி கிடையாது. சில பெட்டிகளில், அவசர அழைப்பு வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சைத் துண்டித்து வழி விடும் வசதி உண்டு. இல்லையென்றால் ஒரு லைனைத் தனியாக ஒதுக்கி வைக்கலாம்.

5. கரண்ட் போனால்? அந்தக் காலத்துச் செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்துவிடும். வீடு இருட்டாக இருந்தாலும் போன் பேசும். இப்போது பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், ஃபைபர் மோடத்துக்கும் கரண்ட் வேண்டும். இரண்டையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு மோடத்தைச் சுவர் பிளக்கில் சொருகியிருக்கும் ஆபீஸ்கள் ஏராளம்!

6. திருப்பிக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? வழி தெரியாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் அழைப்பு வந்த எண்ணுக்குத் திரும்பப் பேசுவார்கள். அங்கே “விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், சேவைக்கு இரண்டை அழுத்தவும்” என்று பாட்டுப் பாடினால் எப்படி? மனுஷர் எடுக்கும் ஒரு எண்ணையோ, செல்போன் எண்ணையோ முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதோடு, எந்த மேஜையிலிருந்து 108 போனாலும் வரவேற்பு போனில் அது தெரியும்படி செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் விழுந்தது வாசல் காவலாளிக்குத் தெரிந்தால்தானே கேட்டைத் திறந்து வைப்பார், லிஃப்டைப் பிடித்து வைப்பார்?

7. கிளை ஆபீஸ் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இப்போதெல்லாம் கிளைகளின் போன்கள் இன்டர்நெட் வழியாகத் தலைமை ஆபீஸ் பெட்டியோடு இணைந்திருக்கின்றன. தலைமை ஆபீஸ் பெங்களூரில், நீங்கள் திருநெல்வேலியில் என்று வையுங்கள். நீங்கள் அழுத்தும் 108 பெங்களூர் லைன் வழியாக வெளியே போனால், எடுப்பவர் கர்நாடகத்துக்காரராக இருக்கலாம். அவசர எண்கள் மட்டும் அந்தந்த ஊர் லைனிலேயே வெளியே போகும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பெட்டி சாதாரணப் பெட்டிதான். உள் எண்ணை மாற்றி, பூட்டைத் திறந்து, அவசர எண்களைச் சேர்க்க அந்தத் தம்பிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் எழுந்து போனபிறகு ரொம்ப நேரம் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி வேலையைப் பல வருஷமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேனே!

சோதித்துப் பார்க்கலாமா?

பார்க்கத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டாக வேண்டாம். நீங்கள் சோதனைக்காகப் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையான நோயாளி காத்திருக்கலாம்.

முதலில் தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐயும் இதே முறையில் பெட்டியில் சேர்க்கச் சொல்லி, அதை அழுத்திப் பாருங்கள். உங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் ஒரு சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ளலாம். மூன்று இலக்க எண்ணுக்கு வழி திறந்திருக்கிறதா என்பது பாதி தெரிந்துவிடும். பிறகு டெக்னீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை 108. எடுத்தவுடன், “வணக்கம், ஆபீஸ் போனில் 108 போகிறதா என்று சோதிக்கிறோம். அவசரம் எதுவும் இல்லை, நன்றி” என்று சொல்லி வைத்துவிடுங்கள். மற்ற மேஜைகளுக்கு, அந்த எண்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று டெக்னீஷியன் பெட்டியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்.

யாராவது கை தவறி 108-ஐயோ 112-ஐயோ அழுத்திவிட்டால், பயந்து போய்ப் படக்கென்று வைத்துவிடாதீர்கள். “தவறுதலாக அழுத்திவிட்டேன்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் ‘ஏதோ ஆபத்து’ என்று திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

“எல்லார் கையிலும் செல்போன் இருக்கே டாக்டர், அப்புறம் எதுக்கு இவ்வளவு?” நியாயமான கேள்வி. செல்போன் கையில் இருந்தால் அதிலேயே பேசுங்கள். பூட்டியிருக்கும் செல்போனிலிருந்தும் அவசர எண்ணைக் கூப்பிடலாம் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். ஆனால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைக்கும் தொழிற்சாலைகள் உண்டு. சிக்னல் எட்டாத தரைக்கீழ் அறைகள் உண்டு. சார்ஜ் தீர்ந்த போன் உண்டு. இரண்டு வழி இருக்கும் இடத்தில் ஒரு வழியை ஏன் அடைத்து வைக்க வேண்டும்?

போன் பக்கத்தில் ஓர் அட்டை

போன் போய்விட்டது. மறுமுனையில் “எங்கே இருந்து பேசறீங்க?” என்று கேட்கிறார்கள். பத்து வருஷமாக வேலை பார்க்கும் ஆபீஸ் முகவரி அந்த நேரத்தில் மறந்து போகும்! சிரிக்காதீர்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு போன் பக்கத்திலும் ஓர் அட்டை ஒட்டுங்கள். அதில் தமிழில், பெரிய எழுத்தில் இவை இருக்கட்டும்:

● கதவு எண், தெரு, ஊர், மாவட்டம்
● பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம் (கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க்)
● எந்த மாடி, எந்த வாசல்
● திருப்பிப் பேச வேண்டிய எண்
● சொல்ல வேண்டியது: யாருக்கு, என்ன ஆச்சு, நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா
● அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதே!

மேஜை போனில் ஸ்பீக்கர் பட்டன் இருக்கிறதே, அதை அழுத்திவிட்டால் இரண்டு கையும் நோயாளிக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். ஆம்புலன்ஸ் உங்கள் வாசலைத் தேடி நாலு சுற்றுச் சுற்றக் கூடாது.

வண்டி வரும் வரை…

நெஞ்சுவலி: வசதியாகச் சாய்த்து உட்கார வையுங்கள். உடைகளைத் தளர்த்துங்கள். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறக்காதீர்கள். கஷாயம், சோடா, சாப்பாடு எதுவும் வேண்டாம்.

பேச்சு மூச்சு இல்லை: தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை அதன்மேல் வைத்து, அழுத்தி அழுத்தி விடுங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

முகம் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால்: பக்கவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அதுதான். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

வலிப்பு: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு திணிக்க வேண்டாம். வாயில் எதையும் செருக வேண்டாம்.

பாம்புக்கடி: கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. பச்சிலை தேடி என்னிடம் வந்தாலும் நான் 108-ஐத்தான் கூப்பிடுவேன்.

கேஸ் கசிவு: இதில் மட்டும் உள்ளே நின்று எந்தப் போனையும், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்து பேசுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனுஷர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி திரும்பவில்லை. அதன்பின் மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அந்த ஆறு நிமிஷத்தால்தான் அப்படி ஆயிற்று என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. மனைவிக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம் வரவேற்பு மேஜை அருகே நின்று, “ஏம்மா, லேகியம் ரெடியா?” என்று கேட்டுச் சிரிப்பார். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

நாளைக் காலையில் ஆபீஸ் போனதும் பக்கத்து மேஜைக்காரரிடம் கேளுங்கள்: “இந்தப் போன்ல 108 அடிச்சா யாருங்க எடுப்பாங்க?” அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றால், அன்றைக்கே டெக்னீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.